ஊருக்குத் திரும்பும் நாள்வரை வாழ்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2012ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று கடைசித் தவணையை அனுப்பினேன். ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வட்டிக்கு வாங்கிய கடனும் அக்கா கல்யாணக் கடனும் அன்றோடு முடிந்தன. நான்கு வருடங்களாக அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு தே (டீ) வாங்கிக் குடித்தேன். பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அடுத்து என்ன என்றும் தெரியவில்லை. பஸ் பிடித்து துவாஸுக்குத் திரும்பி, மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து வழக்கம்போல யார்டுக்குப் போனேன்.

அந்த நான்கு வருடங்களில் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், வேலை பார்த்தேன், தூங்கினேன், நாட்காட்டியில் தேதியைக் கிழித்தேன் என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை. ‘இதெல்லாம் முடியட்டும், ஊருக்குப் போய் வாழலாம்’ என்று இருபத்து நான்கு வயதிலிருந்து இருபத்து எட்டு வயதுவரை வாழ்க்கையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். என்னோடு தங்கியிருந்தவர்களில் பத்து, பதினைந்து வருடங்கள் அப்படியே தள்ளிப்போட்டவர்களும் உண்டு.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒர்க் பெர்மிட்டில் டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதியில்) இருப்பவர், எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறனாளர் அனுமதியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை எடுத்திருப்பவர், கணினி வேலைக்கு வந்தவர், கணவரோடு வந்து நாளெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் பெண் என எல்லோருக்கும் இதில் ஏதாவது பயன்படும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். நான் சொல்லும் வரிசையில், மாதத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டாலே போதும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

முதல் பக்கத்தில் ‘ஏன் வந்தேன்’ என்று எழுதுங்கள். ‘குடும்பத்துக்காக’, ‘நல்லா சம்பாதிக்க’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. தொகையும் தேதியும் இருக்க வேண்டும். ‘கடன் 2,80,000 ரூபாய், 2027 ஜூனுக்குள் முடிய வேண்டும்’, ‘தம்பியின் டிப்ளமோ படிப்புக்கு மூன்று வருடம், வருடத்துக்கு இவ்வளவு’ என்று எழுதுங்கள். தொகை இல்லாத லட்சியம் வளர்ந்துகொண்டே போகும். கடனுக்காக வந்தவர் வீட்டுக்காகத் தங்குவார், வீடு முடிந்ததும் மாடிக்காகத் தங்குவார், அப்புறம் மாடிக்கு ஓர் அறை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ‘சரி, இதற்காக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன்’ என்று நீங்களே முடிவெடுத்துத் தங்க வேண்டும். நான் அப்படி முடிவெடுக்கவே இல்லை. பெர்மிட்டைப் புதுப்பித்தார்கள், நான் இருந்தேன்.

அடுத்த பக்கம்தான் முக்கியம். அதில் பணம் சம்பந்தமே இல்லாத மூன்று விஷயங்களை எழுதுங்கள். இங்கே இருக்கும் நாட்களில் நான் எப்படிப்பட்ட ஆளாக இருக்க விரும்புகிறேன், எதைக் கற்றுக்கொள்ள ஆசை, யாரோடு நெருக்கமாக இருக்க வேண்டும். 2012இல் நான் இந்தப் பக்கத்தை எழுதியபோது ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் ‘நன்றாக இங்கிலீஷ் பேச வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினேன். இன்னொரு மாதம் கழித்து ‘அம்மாவிடம் பொய் சொல்லக் கூடாது’ என்று எழுதினேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாழ்க்கை நெறி பற்றிய கட்டுரையில் சட்டம் எதற்கு என்று தோன்றலாம். பயந்துகொண்டே இருப்பவனால் எதையும் நிம்மதியாக யோசிக்க முடியாது. எனக்கு வேலை தந்த முதல் கம்பெனியில் இரண்டு மாதச் சம்பளம் தாமதமானது. கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்குத் தூக்கம் இல்லை. அப்போது எனக்குத் தெரியாமல் இருந்தவை இவை.

சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் வர வேண்டும். ஓடி (ஓவர்டைம்) பணம் 14 நாட்களுக்குள் வர வேண்டும். உடலுழைப்பு வேலையில் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மிகாதவர்களுக்கு ஓடி என்பது அடிப்படை மணிச் சம்பளத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. அவர்களிடம் பொதுவாக மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி வாங்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி எடுத்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். ஒர்க் பெர்மிட்டில் வருபவர்களுக்கு ஊரிலிருந்து கிளம்பும் முன் கிடைக்கும் ஐபிஏ (முன் ஒப்புதல்) கடிதத்தில் சம்பளம் எவ்வளவு, என்னென்ன பிடித்தம் என்று தமிழிலேயே இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பிரச்சினை வந்தால் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போகலாம். வேலையில் இருப்பவர் ஒரு வருடத்துக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் புகார் கொடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடும்.

தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

பணத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு

நிரந்தரவாசிக்கும் குடிமகனுக்கும் மசேநிதி (மத்திய சேம நிதி) இருக்கிறது. வேலை அனுமதியில் இருக்கும் நமக்கு அது கிடையாது. முப்பது வருடம் இங்கே உழைத்தாலும் போகும்போது கையில் இருப்பது நாமே சேர்த்ததுதான். இதை முதல் மாதமே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் வந்ததும் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டு ஐம்பது வெள்ளியில் மாதத்தை ஓட்டுவதுதான் தியாகம் என்று நினைத்தவன் நான். அப்படி அனுப்பிய பணம் கல்யாணச் சீர், காது குத்து, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்று என்று கரைந்தது. யாரும் ஏமாற்றவில்லை. பணம் வந்துகொண்டே இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள், அவ்வளவுதான். இப்போது புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் கடன் தவணையை எடுத்து வையுங்கள். அடுத்து வீட்டுச் செலவுக்கு ஒரு நிலையான தொகை. அது மாதாமாதம் மாறக் கூடாது. மூன்றாவதாக உங்கள் பெயரில் உள்ள கணக்கில் ஒரு பங்கு, சம்பளத்தில் பத்தில் ஒன்றாக இருந்தாலும் சரி. ஊரில் பழைய சேமிப்புக் கணக்கு இருந்தால் வங்கியில் சொல்லி வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். தனியாகத் திறக்கும் என்ஆர்இ கணக்கில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. நான்காவது, உங்கள் கைச்செலவு. இதில் மாதத்துக்கு ஒரு தடவையாவது உங்களுக்குப் பிடித்த ஒன்றுக்குச் செலவழியுங்கள். நான் பல வருடங்கள் ஒரு நல்ல மீன் சாப்பாடு சாப்பிடக்கூட யோசித்திருக்கிறேன்.

மூன்று மாதக் கைச்செலவும் ஊருக்கு ஒரு விமான டிக்கெட் பணமும் எப்போதும் தொடாமல் இருக்கட்டும். அந்தப் பணம் இல்லாததால், தந்தையின் காரியத்துக்குப் போக முடியாமல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து அழுத ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஆலோங் எனப்படும் உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் மட்டும் எந்த அவசரத்துக்கும் போகாதீர்கள். வேலையும் போகும், நிம்மதியும் போகும்.

வீட்டோடு பேசுவது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் இழந்தது இங்கேதான்.

2010இல் யார்டில் ஒரு இரும்புத் தகட்டின் அடியில் என் இடது கை மோதிர விரல் நசுங்கியது. மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, வீணாகக் கவலைப்படுவார் என்று. போனில் தினமும் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’, ‘உடம்பு நல்லா இருக்கா’, ‘நல்லா இருக்கு’, ‘பணம் வந்துச்சா’, ‘வந்துச்சு’. இதற்கு மேல் பேச்சு போனதே இல்லை. அடுத்த வருடம் லீவில் போனபோது அம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார். அன்று ராத்திரி அக்கா சொல்லித்தான் தெரிந்தது, அதே 2010இல் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் கண் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. நான் கவலைப்படுவேன் என்று எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பாசத்தால்தான் மறைத்தோம். ஆனால் ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதன் பிறகு அம்மாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். நல்லதோ கெட்டதோ, நடந்ததைச் சொல்லிவிடுவது. முதலில் கஷ்டமாக இருந்தது. அம்மா அழுவார். மறுநாள் ‘அந்த போர்மேன் இன்னைக்குத் திட்டுனானா’ என்று விசாரிப்பார். நான் வேலை செய்யும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு இப்போது தெரியும். ஊரில் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளும் எனக்குத் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். தினமும் ஐந்து நிமிடம் பேசுவதோடு வாரத்துக்கு இரண்டு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே இரவு 9 மணி என்றால் ஊரில் மாலை 6.30, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் நேரம். என் மகளோடு நான் செவ்வாயும் வெள்ளியும் அந்த நேரத்தில்தான் பேசுகிறேன். வீடியோவில் போனை நிறுத்தி வைத்துவிட்டு அவள் கணக்குப் போடுவாள், நான் துணி மடிப்பேன். பல நாள் பேச்சே இருக்காது. ஒரே அறையில் இருப்பது போல இருக்கும். ‘நல்லா படிக்கிறியா’ என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் பதில் வரும். ‘இன்னைக்கு யார் பக்கத்தில உட்கார்ந்த’ என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை நிறையப் பேசும்.

மனைவியிடம் கணக்குப் பேச ஒரு நாள், மற்றதைப் பேச வேறொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பணப் பேச்சு எல்லா நாளும் நுழைந்தால் வேறு எதற்கும் இடம் இருக்காது.

உடம்பும் தூக்கமும்

ஓடி கிடைக்கிறதே என்று உடம்பை விற்காதீர்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிவிட்டு உயரத்தில் ஏறி வேலை செய்வது எப்படிப்பட்ட ஆபத்து என்று பாதுகாப்பு மேற்பார்வையாளராக இப்போது தினமும் பார்க்கிறேன். ராத்திரி போனைக் கட்டிலில் வைத்துக்கொண்டு ஒரு மணிவரை வீடியோ பார்ப்பதுதான் நம் ஆட்களிடம் பெரிய வியாதி. போனைச் சார்ஜில் போட்டு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், இந்த ஊர்ப் புழுக்கம் உடம்பை உறிஞ்சிவிடும். குடிப் பழக்கம் இருந்தால் அது உங்கள் நோட்டின் முதல் பக்கத்தை என்ன செய்கிறது என்று ஒரு மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். நான் வேறொன்றும் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

மூன்று நான்கு வகுப்புகளில் ஒரே சமயத்தில் சேர்ந்து எதையும் முடிக்காதவர்கள் நிறையப் பேர். ஒன்று போதும். வாரத்துக்கு மூன்று மணி நேரம். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று நாளைக் குறித்து, அந்த நேரத்தில் வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல் பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டத்தில் சொல்வதைத் தினமும் நான்கு வரி எழுதிப் பழகினேன். ஒன்றரை வருடம் கழித்துப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் ஆசிரியர் சொன்னது புரிந்தது. சம்பளமும் கூடியது. ஆனால் அதைவிட, ஒரு விஷயத்தில் நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறேன் என்ற எண்ணம் கிடைத்தது. ஃபிட்டராக நான்கு வருடம் இருந்தும் அந்த எண்ணம் எனக்கு வந்ததில்லை.

பிழைப்புக்கு உதவுவதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் டார்மிட்டரியில் ஒருவர் மிருதங்கம் கற்றார். இன்னொருவர் கவிதை எழுதுவார். 2014இல் இங்கே வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி தொடங்கியது. பின்னாளில் தமிழிலும் எழுதி அனுப்பியவர்கள் இருந்தார்கள். பகலில் கான்கிரீட் போட்டவர் மாலையில் மேடையில் தன் கவிதையை வாசித்ததாகக் கேள்விப்பட்டபோது எனக்கு ஏதோ பிடிபட்டது போலிருந்தது.

இந்த மண்ணில் நமக்கு முன்னால் வந்தவர்களும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். திருவாரூரிலிருந்து 1924இல் பிழைப்புத் தேடி இளைஞராக வந்தவர் கோ. சாரங்கபாணி. 1935இல் ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கினார். அன்று அதன் விலை ஒரு காசு. சாதாரணத் தொழிலாளியும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்காக. 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி, சாதி மத வேறுபாடு இல்லாமல் எல்லோரையும் ஒரு பந்தலுக்குள் கொண்டுவந்தார். இங்கே இருக்கும் தமிழர்கள் ஒரு காலை ஊரில் வைத்துக்கொண்டு வாழாமல் குடியுரிமைக்குப் பதிய வேண்டும் என்று ஐம்பதுகளில் ஓடி ஓடிப் பிரசாரம் செய்தார். நாம் எல்லோரும் பத்திரிகை தொடங்கப் போவதில்லை. வந்த இடத்தில் முழு ஆளாக இருந்தார் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

நம்மில் பலருக்கு வாரத்தில் சொந்தமாக இருப்பது இந்த ஒரு நாள்தான். பெரும்பாலும் அது தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) கூட்டத்துக்குள் நடப்பது, காய்கறி வாங்குவது, புல்தரையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு பேசுவது, திரும்பிப் போவது என்று முடிந்துவிடும். தேக்காவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நம் மொழி காதில் விழுவதே ஒரு மருந்து. வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்றாலே பாதி மனப்பாரம் குறைந்துவிடும் எனக்கு. ஆனால் மாதத்தில் நான்கு ஞாயிறும் அப்படியே போக வேண்டாம்.

ஒரு ஞாயிறு நூலகத்துக்குப் போங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடம் இருக்கிறது, பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க அட்டை எதுவும் வேண்டாம், காசும் வேண்டாம். குளிர்சாதனம், தமிழ்ப் புத்தகங்கள், தண்ணீர், கழிவறை எல்லாம் உண்டு. முதல் தடவை போகும்போது வேலை உடுப்பில் இருக்கிறோமே, விடுவார்களா என்று தயங்கினேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால் வெளிநாட்டவருக்கு வருடக் கட்டணம் உண்டு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரலில் வந்திருந்தால் தமிழ் மொழி விழா நடக்கும். நாடகம், பட்டிமன்றம், கவியரங்கம் என்று மாதம் முழுக்க நிகழ்ச்சிகள் இருக்கும், பலவற்றுக்கு அனுமதி இலவசம்.

இன்னொரு ஞாயிறு நடங்கள். பூமலை என்று பழைய ஆட்கள் சொல்லும் தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடும், கட்டணம் இல்லை. 1859இல் அமைத்தது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே உள்ள பெரிய மரங்களின் கீழ் உட்கார்ந்தால் ஊர்க் கோயில் குளத்தங்கரை ஞாபகம் வரும். இன்னும் தூரம் நடக்க முடிந்தால் ரயில் பாதை நடைவழி. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை மலாயா ரயில் ஓடிய தடம், 24 கிலோமீட்டர். 2011இல் ரயில் நின்றபின் அதை நடைபாதையாக்கினார்கள். புக்கிட் தீமா இரும்புப் பாலத்தருகே தொடங்கி ஒரு மணி நேரம் நடந்தாலே போதும். நான் பெரிய முடிவுகளை எல்லாம் அந்தப் பாதையில் நடந்துகொண்டுதான் எடுத்தேன்.

மூன்றாவது ஞாயிறு நண்பர்களுக்கு, நான்காவது எதுவும் செய்யாமல் ஓய்வெடுக்க. உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழர் அல்லாத ஒரு நண்பர்

வருடத்துக்கு ஒரு புதியவரையாவது பழகிக்கொள்ளுங்கள். கோப்பிக்கடைச் சீன மாமாவிடம் ‘சியே சியே’, மலாய்க்கார அக்காவிடம் ‘தெரிமா காசே’ என்று ஆரம்பியுங்கள். பங்களாதேஷ் நண்பர் ஒருவர் எனக்குக் கத்தரிக்காய் பர்த்தா செய்யக் கற்றுக்கொடுத்தார். பத்து வருடம் ஆகிவிட்டது, இப்போதும் பெருநாளுக்கு அவரோடுதான் சாப்பிடுகிறேன். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தலைநிமிர்ந்து பழகலாம்.

கணவரோடு வந்திருக்கும் பெண்களுக்கு

டிபெண்டண்ட் பாஸில் (குடும்பத்தினருக்கான அனுமதியில்) வந்தவர்கள் 2021 மே முதல், வேலை பார்ப்பதற்குத் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். படித்து, ஊரில் வேலை பார்த்தவர்கள் பலர் இங்கே வந்து நாள் முழுக்க நான்கு சுவருக்குள் இருக்கிறார்கள். என் தங்கை முறையாகும் ஒரு பெண் அப்படி எட்டு மாதம் இருந்து வாடிப்போனாள். அவளை மீட்டது இரண்டு விஷயங்கள். சமூக மன்றத்தில் வாரம் ஒரு வகுப்பு. அங்கே பழகிய இன்னொரு தமிழ்ப் பெண்ணோடு தினமும் காலையில் புளோக்கைச் சுற்றி நடை. கணவர்மார் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஆபீஸ் கதையைத் தொடங்கும் முன் ‘இன்னைக்கு யார்கிட்ட பேசின’ என்று கேளுங்கள். ‘யார்கிட்டயும் இல்ல’ என்று பதில் வந்தால் அந்த வாரமே ஏதாவது செய்தாக வேண்டும்.

மனம் உடைந்தால்

கொஞ்ச நாள் சோர்வு எல்லோருக்கும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு எதுவும் சரியில்லை, சாகலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அதை நோட்டில் எழுதிச் சமாளிக்க முயலாதீர்கள். அறை நண்பரிடம் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767இல் எந்த நேரமும் பேசலாம். தேசிய மனநல உதவி எண் 1771. இப்படிப் பேசியதால் வேலை போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். உங்கள் உயிர்தான் முதலில்.

ஒருவருக்காவது உதவுங்கள்

தொண்டு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான் வந்த முதல் வாரம், புதுக்கோட்டைக்காரர் ஒருவர் என்னை அழைத்துப் போய் பஸ்ஸுக்கும் ரயிலுக்குமான ஈசிலிங்க் அட்டையில் பணம் ஏற்றுவது எப்படி, எந்தக் கடையில் அரிசி மலிவு, வெயிலில் முதல் வாரம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரம். இன்றுவரை நான் மறக்கவில்லை. உங்களுக்கு ஆறு மாதம் முடிந்ததும், அடுத்து வரும் புதியவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போகலாம், பாத்திரம் கழுவலாம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய நாராயண பிள்ளையும் வேறு ஊரிலிருந்து வந்தவர்தான். பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்டவர். வந்தவர்கள் கொடுத்ததில்தான் நாம் இன்று போய் நிற்கிறோம்.

மாதக் கடைசி ஞாயிறு

நோட்டைத் திறந்து இருபது நிமிடம் உட்காருங்கள். முதல் பக்கத் தொகையில் எவ்வளவு முடிந்தது என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் உள்ள மூன்றில் எதற்கு இந்த மாதம் நேரம் கொடுத்தேன் என்று எழுதுங்கள். ஒன்றுக்கும் கொடுக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு வேலையைக் குறியுங்கள். பெரிய திட்டம் வேண்டாம், நாளும் நேரமும் போட்டுச் செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

வருடத்துக்கு ஒரு முறை, நீங்கள் சிங்கப்பூர் வந்து இறங்கிய தேதியில், முதல் பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். தொடர்ந்து இருப்பதா, திரும்புவதா என்று அன்று முடிவெடுங்கள். வீட்டாரோடு பேசியே எடுங்கள்.

என் நோட்டில் சென்ற மாதப் பக்கத்தில் மகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்று என்று இருக்கிறது. இரண்டு ஞாயிறு நூலகம், ஒன்று நடை. புதிதாக வந்த அறந்தாங்கித் தம்பிக்கு வங்கிக் கணக்கு திறக்க உதவியது. கடைசி வரியில் ‘அம்மாவின் முழங்கால் வலி பற்றி மருத்துவரிடம் நானே பேச வேண்டும், புதன் இரவு 8 மணி’ என்று எழுதியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லி அந்த நேரத்துக்கு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை ஓடி வேண்டாம் என்று போர்மேனிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன்.